எலிவேட்டர் இருக்கும் பக்கம்: ஒரு ரயில் ஊருக்குப் பூ கொண்டுபோன நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒரு கவுன்ட்டியின் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) தலைநகரில் இருக்கும் சின்னப் பூக்கடையில் ஆர்டர் பார்க்கும் வேலை எனக்கு. கடையில் மூன்றே பேர். உரிமையாளர் அம்மாதான் பூ அடுக்குவதும். வேன் ஓட்டுபவர் முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர். அப்புறம் நான். ஒரு ஜனவரியில், பக்கத்து ஊர்த் துக்க வீடு ஒன்றுக்கு ஒரு ஜாடிப் பூவைக் கொண்டுசேர்க்க மூன்று நாள் பட்ட பாட்டை இங்கே பதிவு செய்கிறேன். ஊர், ஆட்கள் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

ஊர் அமைந்த விதம்

இல்லினாயில் 'வில்லேஜ்' என்பது சட்டப்படியான உள்ளாட்சி அமைப்பு. தலைவர் ஒருவர், டிரஸ்டிகள் ஆறு பேர் என்று நிர்வாகம் நடக்கும். அப்படிப்பட்ட ஊர்கள் பல ரயில்காரர்கள் வைத்தவை. 1850-இல் மத்திய அரசு இல்லினாய் சென்ட்ரல் ரயில்பாதைக்காக ஏறத்தாழ 26 லட்சம் ஏக்கர் நிலத்தைக் கொடுத்தது. அடுத்த ஆண்டு மாநிலம் அதற்குச் சாசனம் வழங்கியது. 1856-இல் 705 மைல் பாதை முடிந்தது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். விவசாயி குதிரை வண்டியில் சோளம் கொண்டுவந்து இறக்கிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அந்தக் கணக்கில் சில மைலுக்கு ஒரு நிலையம், நிலையத்தைச் சுற்றி ஓர் ஊர். ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போட்டார்கள். தெருப் பெயர்கள்கூட அதே ஓக், அதே வால்நட்.

நான் சொல்லும் ஊர் அந்தப் பாதையில் இல்லை. பின்னால் வந்த வேறொரு பாதையில் இருக்கிறது. ஆனாலும் அச்சு அதேதான்.

இந்த ஆய்வுக்கு முக்கியமானது இது. 1785-ஆம் ஆண்டு நில அளவைச் சட்டத்திலிருந்து இந்தப் பகுதி நிலமெல்லாம் ஒரு மைல் சதுரங்களாக அளக்கப்பட்டது. சாலைகளும் பெரும்பாலும் அந்தக் கோடுகளிலேயே, மைலுக்கு ஒன்று என்று நேர் வடக்கு தெற்காகவும் நேர் கிழக்கு மேற்காகவும் ஓடும். ரயில்பாதை இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் குறுக்கே கோணலாக வெட்டிப் போகிறது. ஊர் தண்டவாளத்தைப் பார்த்து நிற்பதால் தெருக்களும் கோணல். தண்டவாளத்தை ஒட்டி இருபக்கமும் இரண்டு தெருக்கள்: ஈஸ்ட் ரெயில்ரோடு, வெஸ்ட் ரெயில்ரோடு. வீட்டு எண்கள் இரண்டிலும் ஒரே வரிசை. ஒரே எண் இந்தப் பக்கமும் இருக்கும், அந்தப் பக்கமும் இருக்கும். நடுவில் தண்டவாளமும் ஜல்லி மேடும் சோளக் கிடங்கும்.

வீட்டுக்கு வீடு தபால் கிடையாது. எல்லோருக்கும் அஞ்சலகத்தில் பெட்டி உண்டு, அதுவே அவர்கள் முகவரி. 2012-இல் ஏறத்தாழ 13,000 கிராமப்புற அஞ்சலகங்களின் வேலை நேரத்தைக் குறைக்கும் திட்டத்தை அமெரிக்க அஞ்சல் துறை அறிவித்தது. இந்த ஊர் அஞ்சலகம் இப்போது காலையில் 4 மணி நேரம்தான் திறந்திருக்கும். ஊரில் பூக்கடை இல்லை. எங்கள் கடை கிழக்கே 14 மைல்.

ஆர்டர் வரும் வழி

வெளியூரிலிருந்து பூ அனுப்பும் வழக்கம் பழையது. 1910-இல் 15 பூக்கடைக்காரர்கள் சேர்ந்து 'ஃப்ளோரிஸ்ட்ஸ் டெலிகிராஃப் டெலிவரி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பூ பயணம் செய்யாது. தந்தி போகும், பெறுபவர் ஊருக்குப் பக்கத்துக் கடைக்காரர் பூ கட்டிக் கொடுப்பார். தந்திக் கம்பியும் ரயில் பாதையை ஒட்டியே போனதால், அன்று இந்த மாதிரி ஊர்களில் செய்தி வந்து இறங்கிய இடம் ரயில் நிலையம்தான். அந்தத் தந்திக்காரருக்கு எந்த வீடு எந்தப் பக்கம் என்று தெரியும். இப்போது ஆர்டர் எங்கள் கடைத் திரைக்கு நேராக வந்துவிடுகிறது. அவருடைய இடத்தில் யாரும் இல்லை.

கடைகளுக்குள் ஆர்டர் கைமாறும்போது, அனுப்பும் கடைக்கு வழக்கமாக 20 சதவீதம். கணக்குத் தீர்க்கும் அமைப்புக்கு இன்னும் கொஞ்சம். இது நியாயமான ஏற்பாடு. இதற்கு வெளியே, கடையே இல்லாமல் ஆர்டரை மட்டும் பிடித்து, தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும் இடைத்தரகர்களும் உண்டு. ஏதாவது ஒரு கிராமத்தின் பெயரோடு 'பூ டெலிவரி' என்று தேடினால், அந்த ஊரிலேயே கடை இருப்பதுபோல் அவர்கள் பக்கம் வந்து நிற்கும். எங்கள் ஆர்டர் அப்படி ஒருவர் மூலம் வந்ததுதான்.

செவ்வாய் மாலை: ஏற்பதா, திருப்புவதா

ஆர்டர் மாலை 5 மணிக்கு வந்தது. ஜாடியில் வெள்ளை ரோஜா, லில்லி. நடுவில் ஒரே ஒரு மஞ்சள் ரோஜா கட்டாயம். வியாழன் பிற்பகல் 2 மணிக்குள் சேர வேண்டும். முகவரி என்ற இடத்தில் தபால் பெட்டி எண். பெறுபவரின் தொலைபேசி எண் இல்லை. அனுப்பியவர் எண்ணை இடைத்தரகர் மறைத்திருந்தார்.

தபால் பெட்டிக்குள் ஜாடி போகாது. இப்படிப்பட்ட ஆர்டரைத் திருப்பி அனுப்ப எங்களுக்கு உரிமை உண்டு. உரிமையாளர் அம்மா, "திருப்பிவிடு" என்றார். நான் ஏற்றுக்கொள்ளலாம் என்றேன். காரணம் இரண்டு. நாங்கள் திருப்பினால் இன்னும் தொலைவில் இருக்கும் கடைக்குப் போகும், அவர்களுக்கு அந்த ஊர் சுத்தமாகத் தெரியாது. அடுத்து, அந்த மஞ்சள் ரோஜா. வெறும் கடமைக்கு அனுப்புகிறவர் அப்படிக் கேட்க மாட்டார் என்று தோன்றியது. இரண்டாவது காரணம் தொழில்முறைக் காரணம் அல்ல என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஏற்றுக்கொண்டேன். முகவரி கேட்டு இடைத்தரகருக்குச் செய்தி போட்டேன். அன்றே தொலைபேசியில் துரத்தியிருக்க வேண்டும், அதைச் செய்யவில்லை.

புதன்: தேடல்

காலையில் அந்த ஊர் அஞ்சலகத்தைக் கூப்பிட்டேன். எழுத்தர் பண்பாகவே மறுத்தார். பெட்டிக்காரர் வீடு எது என்று வெளியாருக்குச் சொல்ல விதி இடம் தராது. அவர் செய்தது சரி.

அடுத்து இரங்கல் அறிவிப்பைத் தேடினோம். இறந்தவர் அறுபது வயதைக் கடந்தவர். அவருடைய தாய் உயிரோடு இருக்கிறார். பூ தாயின் பெயருக்கு. வியாழன் மாலை 4 மணிக்கு ஊர்த் தேவாலயத்தில் 'விசிட்டேஷன்', அதாவது அடக்கத்துக்கு முந்தின நாள் ஊரார் வந்து குடும்பத்தைப் பார்த்துவிட்டுப் போவது. தேவாலயம் எங்கே என்று எங்களுக்குத் தெரியும், கிழக்குப் பக்கம். இறுதிச் சடங்கு நிலையத்தைக் கேட்டதற்கு, "தேவாலயத்திலேயே கொடுத்துவிடுங்கள், நாங்கள் குடும்பத்திடம் சேர்த்துவிடுகிறோம்" என்றார்கள்.

எளிய வழி. அப்படியே செய்வதென்று முடிவெடுத்தோம். துக்க வீட்டுக்கு மாலையோடு நேரில் போய்ப் பழகியவர்களுக்கு, பூ தேவாலயத்துக்குப் போனால் என்ன, வீட்டுக்குப் போனால் என்ன என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பூவை அன்று மாலையே அடுக்கி, 2 டிகிரி செல்சியஸில் வைக்கும் குளிர் அறையில் விட்டோம். அமெரிக்காவில் விற்கும் வெட்டுப்பூக்களில் பெரும்பகுதி கொலம்பியா, ஈக்வடாரிலிருந்து மயாமி விமான நிலையம் வழியாக வருகிறது. அத்தனை தூரம் குளிர்ச் சங்கிலி அறுபடாமல் வந்த பூ, கடைசி 14 மைலில் கெடுவதுதான் இந்தத் தொழிலின் குளிர்கால வேடிக்கை.

வியாழன் காலை: அனுப்பியவர் பேசியது

பத்து மணிக்கு இடைத்தரகர் பதில் போட்டார், அனுப்பியவர் எண்ணோடு. நான் உடனே அழைத்தேன். ஆரிகன் மாநிலத்தில் அப்போது காலை எட்டு மணி. இறந்தவரின் தங்கை எடுத்தார். விமானம் ரத்தாகி அண்ணன் அடக்கத்துக்கு வர முடியாமல் போனவர்.

"அம்மா தேவாலயத்துக்கு வர மாட்டார்கள். இந்தக் குளிரில் அவர்களால் வாசற்படி இறங்க முடியாது. அவர்கள் தனியாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பூ பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்குத்தான் 2 மணி என்று போட்டேன்" என்றார். மஞ்சள் ரோஜா அண்ணன் வேலியோரம் வளர்த்தது. இந்த நிமிடத்தில் எங்கள் தேவாலய யோசனை செத்தது.

வீட்டு எண் சொன்னார், ரெயில்ரோடு தெரு என்றார். ஈஸ்டா, வெஸ்டா என்று கேட்டேன். "நாங்கள் ஈஸ்ட், வெஸ்ட் என்றெல்லாம் சொல்லிப் பழகியதில்லை. எலிவேட்டர் இருக்கும் பக்கம்."

எலிவேட்டர் என்றால் இங்கே மாடி ஏறும் பெட்டி அல்ல. தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் தானியக் கிடங்குக் கோபுரம். சமவெளியில் பல மைலுக்கு அப்பாலிருந்தே தெரியும். இந்த ஊரில் அது கிழக்குப் பக்கம் நிற்கிறது, ஓட்டுநருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வரைபடச் செயலியில் எண்ணைப் போட்டேன். ஈஸ்ட் ரெயில்ரோட்டில் ஊசி குத்தியது. அம்மாவின் தொலைபேசி எண் கேட்டதற்கு, "காது சரியாகக் கேட்காது, மணி அடித்தால் பதறுவார்கள்" என்றார். பக்கத்து வீட்டார் எண்ணையாவது கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

வியாழன் பிற்பகல்: ரயில்

வெளியே மைனஸ் 15 டிகிரி. வேனை இருபது நிமிடம் சூடேற்றி, ஜாடியைக் காகித உறை, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை என்று இரட்டையாகக் கட்டி ஏற்றினோம். 12:50-க்கு ஓட்டுநர் ஈஸ்ட் ரெயில்ரோட்டு வீட்டு வாசலில் நின்றார். கதவைத் தட்டினார், யாரும் வரவில்லை. ஜன்னலில் நாய் குரைத்தது. பெட்டி எண் எழுதியிருக்கிறதா என்று பார்க்க மேல் உறையைக் கொஞ்சம் பிரித்து அட்டையை உருவினார். எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம்.

வாசலில் வைத்துவிட்டு வரவில்லை. உறைபனிக்குக் கீழே இருந்தால் ஆள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கடையின் பழைய விதி. இந்த நிகழ்வில் நாங்கள் சரியாகச் செய்த ஒரே காரியம் என்று அதைத்தான் சொல்வேன். தவறான வீட்டு வாசலில் பூ உறைந்து கிடந்திருக்கும், 'டெலிவரி ஆனது' என்று கணினியிலும் பதிந்திருக்கும்.

பிறகு அவர் எலிவேட்டரின் எடைமேடை அலுவலகத்துக்குப் போனார். சோள லாரிகளை எடை போடும் ஆட்களுக்குத் தெரியாத வீடு ஊரில் இருக்காது. அவர்கள் சிரித்தார்களாம். அந்த அம்மா வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், வெஸ்ட் ரெயில்ரோட்டில், அதே எண். பழைய மர எலிவேட்டர் அந்தப் பக்கம்தான் இருந்தது. அதை இடித்து எத்தனையோ வருடம் ஆயிற்று. தங்கை ஊரைவிட்டுப் போகும்போது பார்த்த எலிவேட்டரை எனக்குச் சொன்னார். நான் இன்றைக்கு நிற்கும் எலிவேட்டரை ஓட்டுநருக்குச் சொன்னேன்.

வீடு அறுபது மீட்டர் தூரம்கூட இல்லை. நடுவில் ரயில் நின்றது.

110 பெட்டி கொண்ட தானிய ரயில் ஒன்றேகால் மைல் நீளம் வரும். ஊர் ஒரு மைல்கூட இல்லை. ஊரின் மூன்று கிராசிங்கும் அடைபட்டுவிட்டன, வடக்கே அடுத்த மைல் சாலையும் சேர்த்து. வழக்கமாக நடுக் கிராசிங்கில் பெட்டிகளைப் பிரித்து வழி விடுவார்களாம். அன்று பிரிக்க ஆள் இல்லை. ரயில் ஊழியர்கள் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் பணியில் இருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். அந்த நேரம் முடிந்ததால் ரயிலை நிறுத்தியாயிற்று. மாற்று ஆட்கள் வேனில் வந்துகொண்டிருந்தார்கள், அதே பனிச் சாலையில்.

இதைத் தடுக்க ஊருக்கு அதிகாரம் இருக்கிறதா என்றால், இல்லை. மண்டலைன் என்ற வில்லேஜ், 10 நிமிடத்துக்கு மேல் கிராசிங்கை அடைத்தால் அபராதம் என்று விதி வைத்திருந்தது. மத்தியச் சட்டத்துக்கு முன் அந்த விதி நிற்காது என்று 2008-இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022-இல் ஒஹையோ உச்ச நீதிமன்றமும் தன் மாநிலச் சட்டத்தைப் பற்றி அப்படியே சொன்னது.

என்ன செய்வது

ஓட்டுநர் 1:10-க்கு எனக்கு அழைத்தார். எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன.

இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஏறிக் குதித்து அந்தப் பக்கம் போகலாம், ஊர்ப் பையன்கள் செய்வதுதான் என்று எடைமேடையில் ஒருவர் சொன்னாராம். ஓட்டுநர் அதை என்னிடம் யோசனையாகக்கூடச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். நின்ற ரயில் எச்சரிக்கை இல்லாமல் நகரும். முப்பது வருடம் கிராசிங் முன் பேருந்தை நிறுத்தி, கதவைத் திறந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போனவர் அவர்.

எடைமேடையில் ஜாடியை விட்டுவிட்டு வரலாம், ரயில் போனதும் அவர்கள் கொடுப்பார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் 2 மணி போய்விடும்.

காத்திருக்கலாம். அல்லது வடக்கே போய், மாநில நெடுஞ்சாலை மேம்பாலத்தில் தண்டவாளத்தைத் தாண்டி, மேற்கிலிருந்து ஊருக்குள் வரலாம், 11 மைல். தெற்கு மைல் சாலை பக்கம்தான், ஆனால் ஜல்லிச் சாலை, பனி மூடிக் கிடந்தது.

உரிமையாளர் அம்மா, "பதினைந்து நிமிடம் பார்ப்போம்" என்றார். மாற்று ஆட்கள் பக்கத்தில்தான் இருப்பார்கள் என்ற கணக்கு. ஓட்டுநர் கிராசிங் கம்பத்தில் இருந்த நீல நிறப் பலகையின் எண்ணுக்கு அழைத்தார். அந்தப் பலகையில் கிராசிங்கின் அடையாள எண்ணும், ரயில் நிறுவனத்தின் அவசர எண்ணும் இருக்கும். எடுத்தவர் குறித்துக்கொண்டார். எப்போது நகரும் என்று சொல்ல அவரால் முடியவில்லை. 1:25-க்கு, இனி நிற்பதில் பொருளில்லை என்று ஓட்டுநர் தானே முடிவெடுத்துக் கிளம்பினார். காத்திருந்த கால் மணி நேரம் வீண். அது எங்கள் இருவர் கணக்கிலும் சேரும்.

இடையில் நான் ஆரிகனுக்கு இரண்டு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. வீடு எந்தப் பக்கம் என்பதையும், தாமதத்தையும் குரல் பதிவாக விட்டேன்.

சேர்ந்த நேரம்

2:10. பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் திறந்தார். உள்ளே ஜன்னலோரம் ஒரு நாற்காலி. எதிரே நிற்கும் தானியப் பெட்டிகள் ஜன்னலை முழுதாக மறைத்திருந்தன, பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். அந்த அம்மா உறை பிரிக்கும்வரை பேசவில்லை. பிரித்ததும் வெள்ளைப் பூக்களைத் தள்ளிவிட்டு மஞ்சள் ரோஜாவின் தண்டை இரண்டு விரலால் பிடித்து முன்னால் இழுத்து வைத்தாராம். உரிமையாளர் அம்மா அதை நடுவில், கொஞ்சம் தாழ்த்தி வைத்திருந்தார். அடுக்கின் கணக்குக்கு அதுதான் சரி.

ஓட்டுநர் கண்ணில் வேறொன்று பட்டது. இரண்டு லில்லிகளின் இதழ் ஓரம் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. குளிர் பட்டு உயிரணு உடைந்தால் முதலில் ஈரக் கண்ணாடிபோல் தெரியும், சில மணி நேரத்தில் பழுப்பாகும். தவறான வாசலில் உறையைப் பிரித்து நின்ற நான்கு நிமிடத்தின் வேலை. மறைக்காமல் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, அவருடைய எண்ணையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை புது லில்லிகளை எடுத்துக்கொண்டு மறுபடி போனார். இந்த முறை முதலில் கூப்பிட்டுக் கேட்டார்: ரயில் நிற்கிறதா? இல்லை என்றார்கள்.

பிறகு

தங்கை புகார் கொடுத்தார், எங்களிடம் இல்லை, இடைத்தரகரிடம். தாமதம் என்பதோடு, தான் கொடுத்த பணத்துக்குப் பூ குறைவு என்றும். அவருடைய வருத்தம் நியாயம்தான். அவர் கொடுத்தது 130 டாலர். எங்களுக்கு வந்த ஆர்டரின் மதிப்பு 85, கழிவுகள் போகக் கையில் நின்றது 62. அந்த 62-க்கு ஜாடி, பூ, மாற்று லில்லி, இரண்டு நாள் வேன். ஆர்டர் நஷ்டம்.

ஒரு வாரம் கழித்து அவர் கடைக்கே அழைத்தார், குரல் பதிவைக் கேட்டுவிட்டு. அந்த ஊரிலேயே கடை வைத்திருப்பவர்கள் என்று நினைத்துத்தான் அந்தப் பக்கத்தில் பணம் கட்டினேன் என்றார். இடைத்தரகரைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லவில்லை, எங்கள் நேர் எண்ணைக் கொடுத்தோம். மே மாதம் அன்னையர் தினத்துக்கு அந்த எண்ணில் அழைத்தார். இந்த முறை 'வெஸ்ட்' என்று அவரே சொன்னார்.

மாற்றியவை, மாற்றாதவை

தபால் பெட்டி முகவரியோடு வரும் ஆர்டரை, பெறுபவர் பக்கத்தில் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண் கைக்கு வரும்வரை ஏற்பதில்லை. பெறுபவர் எண்தான் வேண்டும் என்றில்லை. பக்கத்து வீடு, தேவாலய அலுவலகம், எடைமேடை, எதுவானாலும் சரி. வேன் கிளம்புவதற்கு முன் அந்த எண்ணுக்கு ஒரு அழைப்பு: வீடு தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம், இப்போது வழி திறந்திருக்கிறதா. அடையாளம் சொல்லி வழி சொல்பவரிடம், கடைசியாக எப்போது அங்கே போனீர்கள் என்றும் கேட்கிறோம். குளிரில் அட்டையை உறைக்கு வெளியே கட்டுகிறோம், பிரிக்க வேண்டிய வேலை இல்லை. ரயில் நின்றால் காத்திருப்பதா, சுற்றுவதா என்பதை வண்டியில் இருப்பவர் முடிவு செய்வார், கடையிலிருந்து நாங்கள் சொல்வதில்லை.

முதல் நாள் அந்த ஆர்டரை ஏற்றிருக்கலாமா என்பதில் எனக்கும் உரிமையாளர் அம்மாவுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அவர் கணக்குப் புத்தகத்தைக் காட்டுகிறார். நான் அந்த மே மாத ஆர்டரைக் காட்டுகிறேன். ஒரு ஆர்டரை வைத்து விதி சொல்ல முடியாது என்கிறார், அதுவும் சரிதான்.

ஓட்டுநர் தன் பங்குக்கு, நாங்கள் போகும் ஒவ்வொரு ரயில் ஊருக்கும் ஒரு தாள் வரைந்து வேனில் வைத்திருக்கிறார். நடுவில் தண்டவாளம், இருபக்கமும் தெருக்கள், கிராசிங்குகள், பக்கத்து மேம்பாலம். இந்த ஊர்த் தாளில் எலிவேட்டர் இரண்டு இருக்கிறது. கிழக்கே இருப்பது கட்டம் கட்டி மையால் நிரப்பியது. மேற்கே இருப்பது புள்ளிக்கோட்டில் ஒரு வெற்றுச் சதுரம். எந்த வருடம் இடித்தார்கள் என்று எடைமேடையில் கேட்டிருக்கிறார். மூன்று பேர் மூன்று வருடம் சொன்னார்களாம். சதுரத்தின் பக்கத்தில் வருடத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்.